காய்ந்த கட்டியின் நிறம்

1974 ஜூன் 2, ஞாயிறு

மழை இன்னும் இல்லை. ஆராதனை முடிவதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கோயிலிலிருந்து நேராக மூசி ஆற்றங்கரை. உப்பல் வரை பஸ், அப்புறம் நடை.

நேற்றைய குலுக்கலில் எங்களுக்கு 17ஆம் மனை. மூலை மனை வேறு. ஆபீஸ் வீட்டுச் சங்கத்தில் நாற்பத்திரண்டு பேர் இருக்க, மூலை எங்களுக்கு விழுந்தது. எஸ்தருக்கு நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

முன்பு நெல் போட்ட தாழ்நிலம். தரை காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது, ஓரமெல்லாம் கோரை. எஸ்தர் போனவுடன் வீடு கட்டிவிட்டாள். என் செருப்பு இரண்டு, அவள் செருப்பு இரண்டு, நாலு மூலைக்கு நாலு: அது சமையலறை. நான் வெறுங்காலோடு ஹாலில் சூடு பொறுக்காமல் குதித்துக்கொண்டிருந்தேன்.

"இங்கன ஜன்னல். இந்தச் சொவரு முழுசும் எனக்கு. நெனச்ச எடத்துல ஆணி அடிப்பேன், ஒருத்தரையும் கேக்க மாட்டேன்" என்றாள்.

பதின்மூன்று வருடத்தில் நாலு வாடகை வீடு. இப்போதைய போலாரம் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் கதவுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. தேதி பார்க்கக் கதவைச் சாத்த வேண்டும்.

பியூலாவுக்குப் பத்து வயது. தமிழில் என்ன கேட்டாலும் பதில் இந்தியில்தான். "மம்மி, மேரா ரூம் கிதர்?" என்றாள். அவள் அறைக்கு எஸ்தர் கோரைப் புதரைக் காட்டினாள்.

கிளம்பும்போது எஸ்தர் துணிப்பையில் மண் அள்ளினாள். கறிவேப்பிலைச் செடி எண்ணெய் டின்னில் குறுகிப்போய் நிற்கிறதாம். "அது சொந்த மண்ணுல இப்பமே பழகட்டும்லா." மண் சர்வேயில் பதினாறு வருட சர்வீஸ் போட்ட நான் பக்கத்தில் நின்று பையை விரித்துப் பிடித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 3, திங்கள்

மண்ணெண்ணெய்.
பியூலா நோட்டுக்கு அட்டை.
குடைக் கம்பி சரி பார்க்க.

மூன்றும் செய்யவில்லை. ஆபீஸில் வெங்கடேசன் சார், வரைபடப் பிரிவு, எங்கள் சங்கச் செயலாளர். அடுத்த ஞாயிறு எல்லாரும் குடும்பத்தோடு மனைக்கு வந்து அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும், அதோடு நிலம் நம்முடையது என்றார். தஞ்சாவூர்க்காரர். அவர் சிரித்தால் பேகம்பேட் முழுக்கக் கேட்கும்.

மாலை வீட்டில், புது மண் போட்ட கறிவேப்பிலை டின்னில் தண்ணீர் நிற்கிறது. காலையில் ஊற்றியதாம். அடியில் ஓட்டை இருக்கிறது, நானே ஆணி வைத்துப் போட்டது. எங்கள் வீட்டில் ஆணிக்கு அனுமதி உள்ள ஒரே இடம் அந்த டின்தான்.

ஜூன் 4, செவ்வாய்

தண்ணீர் ஒருவழியாக வற்றியது. மேலே அப்பளம் போல ஒரு பொருக்கு. உடைத்தால் கீழே வழவழ.

கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தேன். முகப் பவுடர் மாதிரி. கட்டைவிரலால் நீட்டினால் களிமண்போல் நாடாவாக வராமல் பிய்கிறது. பல்லில் வைத்தேன், மெல்லிய நறநற. வண்டல்.

"ஆபீஸ்ல தின்னது போதாதுன்னு வீட்டு மண்ணையும் தின்னுதீங்களாக்கும்?" எஸ்தர். மறுபடியும் ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போனாள்.

வண்டலுக்கு ஊரில் நல்ல பெயர். ஆறு கொண்டுவந்த மண், எதைப் போட்டாலும் வரும் என்பார்கள். நெல்லுக்குச் சரி. வீட்டுக்கு? துகள் ரொம்பப் பொடி, இடைச் சந்தும் பொடி. மேலே பெய்தது சீக்கிரம் இறங்காது. கீழே இருப்பது விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறும். ஆற்றோரப் பள்ளமானால் வடிந்து போக வழியும் கிடையாது.

ஆனால் எங்கள் ஆபீஸ் மண் வரைபடத்தில் அந்தக் கரை 'வடிகால் நன்று'. பச்சை வண்ணம். அதைப் பார்த்துத்தான் சங்கம் அந்த நிலத்தையே தேடிப் போனது. ஒரு டின் மண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாளை போய்ப் பார்க்க.

ஜூன் 5, புதன்

வீட்டில் ஆபீஸ் வேலை என்றேன். ஆபீஸில் பல்வலி என்றேன். எங்களுக்குக் குழி வெட்டும் மல்லையாவைக் கூட்டிக்கொண்டு 17ஆம் மனை.

மூன்றடி வரை காய்ந்த கட்டி. வெளிர்ச் சாம்பல், பரம சாது. பாட்டிலிலிருந்து தண்ணீர் விட்டேன். நிறம் மாறியது. நல்ல சாம்பல், நீலம் தட்டியது, நடுநடுவே துருப் புள்ளிகள். பழைய வேர் போன வழியெல்லாம் ஆரஞ்சு நூல். நாலடியில் ஈரம், அழுகின முட்டை வாடை.

இதற்கு ஒரே அர்த்தம். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் தேங்கி அந்த மண் மூச்சில்லாமல் கிடக்கிறது. காற்றில்லாத இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பை இழந்து சாம்பலாகும். வேர் வழியே கொஞ்சம் காற்று போன இடத்தில் மட்டும் துரு.

மல்லையாவுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. கோரையைக் காட்டி, "இக்கட நீள்ளு நிலுஸ்தாய் சார்" என்றார். இங்கே தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். குழி விழுந்த இடம் சரியாக எஸ்தரின் சமையலறை. மூடிவிட்டு வந்தேன்.

ஒரு கட்டியைக் காகிதத்தில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்திருந்தேன். பியூலா திறந்துவிட்டு, "ச்சீ டாடி, பாஸ் ஆரி!" என்று நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்தாள். சோறு ஊசிப்போச்சு என்று எஸ்தர் பார்க்காமலே கொட்டிக் கழுவிவிட்டாள்.

ஜூன் 6, வியாழன்

பதிவேட்டு அறை. தூசி, தும்மல்.

பச்சை வண்ணம் தீட்டிய மகானுபாவர் யார் என்று வரைபடத்தின் அடியில் பார்த்தேன். என் கையெழுத்து. 1961 மே.

களப் புத்தகம் கிடைத்தது. குழி 6, இப்போது எங்கள் மனை இருக்கும் இடம்: நிறம் வெளிர்ச் சாம்பல். கட்டியின் நிலை: காய்ந்தது. புள்ளிகள்: இல்லை. எழுத்து என்னுடையது இல்லை. உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து. எஸ்தர்.

பக்கத்தைத் திருப்பினேன், முழுக்க அவள் எழுத்து.

கல்யாணமாகிப் பதினாலாம் நாள். நாசரேத்திலிருந்து கூட்டி வந்திருந்தேன். தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது, தனியாக வீட்டில் இருக்கப் பயந்து அழுதாள். சட்டத்துக்கு விரோதமாக ஆபீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். நான் குழிக்குள்ளிருந்து சொல்லச் சொல்ல அவள் பனைமர நிழலில் உட்கார்ந்து எழுதினாள்.

கட்டியை நனைத்துத்தான் நிறம் பார்க்க வேண்டும். இந்த வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது அது. காய்ந்த கட்டி எதையும் காட்டிக்கொடுக்காது. என்னிடம் ஒரே பாட்டில் தண்ணீர். மே மாத உச்சி வெயில். "தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, வெறும் பாட்டிலைப் பார்த்து வெட்கப்பட்டாள். எனக்கு வேண்டாம், பழக்கம்தான் என்றேன். ஆறாவது குழியும் மிச்சமிருந்த இரண்டும் காய்ந்தபடியே பார்த்தேன். மறுநாள் தண்ணீரோடு வந்து சரிபார்க்கலாம் என்று நினைப்பு. மறுநாள் ஜீப் இல்லை.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசை. மறக்கவில்லை. அந்த நாளை எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அவள் தண்ணீர் குடித்ததுதான் ஞாபகம் வரும், கட்டி வராது.

சொன்னால் எஸ்தரின் வீடு போகிறது. சொல்லாவிட்டால் நாற்பத்திரண்டு வீட்டுச் சுவரிலும் ஈரம் ஏறும். இன்று சொல்லவில்லை.

ஜூன் 7, வெள்ளி

வெக்கை. மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. கறிவேப்பிலை தலை தொங்கிவிட்டது, கீழிலை மஞ்சள்.

எஸ்தர் பியூலாவின் பழைய நோட்டில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். ஆணி வரும் இடமெல்லாம் புள்ளி வைத்திருந்தாள். சொல்லிவிட்டேன். குழி, துரு, வரைபடம், களப் புத்தகம், எல்லாம்.

நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "செடி வாடுதத பாத்தேன். நீங்க டின்ன பாக்குத பார்வையையும் பாத்தேன். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"அன்னைக்கு தண்ணிய பூராவும் குடிச்சது நாந்தான. அத இன்னைக்கு வரைக்கும் சொல்லவே இல்லியே நீங்க." பிறகு, "பேசாம கட்டிட்டா என்ன ஆவும்?"

"சுவர்ல ஈரம் ஏறும். சுண்ணாம்பு உதிரும். கக்கூஸ் தண்ணி இறங்காது."

"ஆணி?"

"கொஞ்ச வருஷம் நிக்கும்."

அதற்குத்தான் அழுதாள். வீடு என்றபோது அழவில்லை, ஆணி என்றதும் அழுதாள். நானும் கொஞ்சம்.

"நம்மளுது மட்டும்னா கட்டிரலாம்னு சொல்லுவேன்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மத்தவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்குல்லா. நக்கோ, வேண்டாம். சொல்லிருங்க."

இவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதின்மூன்று வருடமாக டைரி எழுதுகிறேன், இதை எழுதியதில்லை.

ஜூன் 8, சனி

வெங்கடேசன் சாரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சாலமன் சார், வெளையாடாதீங்கோ. ஆதாரமே உங்க மேப்புதானே?"

"அந்த மேப்புதான் தப்பு, சார்."

"எனக்குப் பதினெட்டு விழுந்திருக்கு, தெரியுமோல்லியோ? ஒங்களுக்கு அடுத்த வீடு. எங்காத்துல மாமி இப்பவே ஒங்காத்து மாமியோட பேச ஜன்னல் பாத்து வெச்சிருக்கா." கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார். "என்னால சொல்ல முடியாது. நாளைக்கு நீங்களே அங்க வந்து சொல்லுங்கோ."

மாலை எஸ்தர் கறிவேப்பிலையைப் பிடுங்கி, வாளியில் வேரை அலசி, பழைய மண்ணிலேயே வைத்தாள். பிழைக்குமா தெரியாது.

குடை இன்னும் சரி பார்க்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

எங்களுக்கு முன்பே பாதிப் பேர் வந்திருந்தார்கள். டிபன் கேரியர், ஜமுக்காளம், பிள்ளைகள். தரையெல்லாம் செருப்பு. நாலு மூலைக்கு நாலு, மனைக்கு மனை. எஸ்தர் மட்டும்தான் அப்படி வீடு கட்டுவாள் என்று நினைத்திருந்தேன். வெங்கடேசன் சார் மனைவி பதினெட்டில் வெறுங்காலோடு நின்று எஸ்தருக்குக் கை காட்டினார். அவருக்கு இன்னும் தெரியாது.

மூடிய குழியைத் தோண்டி, ஓரத்திலிருந்து ஒரு காய்ந்த கட்டியை எடுத்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். இந்த நிலம் வீட்டுக்கு ஆகாது, வரைபடம் தப்பு, அதைப் போட்டவன் நான் என்று சொன்னேன்.

ஒரே கூச்சல். "மண்ணு நன்னாத்தானே இருக்கு!" "இப்பச் சொல்றதுக்கு இத்தனை வருஷமா?" "காட்டுங்க சார், எங்க இருக்கு துரு?"

காட்டத் தண்ணீர் வேண்டும். பையைத் துழாவினேன். மண்வெட்டி கொண்டுவந்தேன், களப் புத்தகம் கொண்டுவந்தேன், தண்ணீர் கொண்டுவரவில்லை. பதின்மூன்று வருடம் கழித்து அதே இடத்தில், அதே வறண்ட கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதே மடையன்.

எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வந்தது இன்று அவள் ஒருத்திதான். தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"அன்னைக்குக் குடிச்சத திருப்பித் தாரேன், பிடிங்க" என்று கட்டியின் மேல் ஊற்றினாள்.

என் உள்ளங்கையில் அது கறுத்தது. அப்புறம் சாம்பல். அப்புறம் ஒன்று, இரண்டு, பத்து, துருப் புள்ளிகள். கைக்குக் கை மாறி அந்தக் கட்டி சுற்றி வந்தது.

முதலில் வெங்கடேசன் சார் போனார். பதினெட்டாம் மனையில் குனிந்து, மனைவியின் செருப்பை எடுத்து, அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஒவ்வொருவராக. கொஞ்ச நேரத்தில் அங்கே வெறும் தரை.

பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. எஸ்தர் என் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்க குடிங்க" என்றாள்.