மூடி வைத்திருந்த தாழம்பூ அத்தர்

தாராவி, பம்பாய்
செப்டம்பர் 1946

அம்மாவின் பாதம் தொட்டு மகன் சுடலைமுத்து எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நானும் தம்பி செல்லத்துரையும் சுகம்.

இந்த இந்து-முஸ்லிம் கலகத்தில் எங்கள் அத்தர் கடைக்குள்ளும் ஆட்கள் புகுந்தார்கள், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு. முதலாளி ஹைதர் சேட்டைக் குத்திக் கொன்றார்கள். தாழம்பூ அத்தர் ஜாடியை உடைத்தார்கள். எனக்குக் கையில் கீறல்தான், பயப்பட வேண்டாம்.

சேட் அத்தரில் ஸ்பிரிட் கலக்கமாட்டார். பூவின் வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி, ஒரு வருஷம் மூடிவைத்துத்தான் விற்பார். "பொறுத்தாத்தான் தோலோட ஒட்டும்" என்பார். அந்த ஜாடியை அதுவரை யாரும் திறந்ததே இல்லை.

இப்போது அந்த வாசனை தம்பியின் சட்டையில். "அன்னிக்கு நான் மாட்டுங்காவுலதாண்ணே இருந்தேன்" என்கிறான். தினமும் துவைக்கிறான், போகவில்லை.

உங்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தந்தி அடித்து அவனை அழைத்துக்கொள்ளுங்கள். தபாலுக்கு நேரமாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் புளி அனுப்புங்கள், இனி நானே பொங்கிக்கொள்கிறேன். அவன் பொங்கும் சோற்றிலும் தாழம்பூ மணக்கிறது.