ரயிலுக்கு எதுக்கு மாமா ஸ்டியரிங்?

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்த என் அருமை மாமாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்கு வேலையைக் காரணம் சொல்லலாம், ஆனால் அது பொய். வெட்கம்தான். உங்களிடம் தனியாகச் சொல்லித் தீர்கிற விஷயமாக இருந்தால், உங்கள் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு நான் வாயை விட்டது நாலு பேர் நடுவில். அதனால் இதையும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் எழுத வேண்டும்.

எந்த அன்றைக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இவர் என் அக்கா சாந்தாவின் வீட்டுக்காரர். ஜவ்வாது மலை ரூட்டில் பஸ் ஓட்டினார். நான் ஜோலார்பேட்டையில் ரயில் டிரைவர். இப்போது லோகோ பைலட் என்கிறார்கள், வேலை அதேதான். காவலூரில் இவர் வீடு கட்டிக் குடிபோன அன்று சொந்தபந்தமெல்லாம் மலையேறி வந்திருந்தது. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துப் பிரித்தார்.

உள்ளே, உங்களுக்கு நினைவிருக்கும் மாமா, ஒரு முழ நீளத்துக்கு ஓர் இன்ஜின். பம்ப் ஸ்டவ்வின் பித்தளை டேங்க் பாய்லராகியிருந்தது. பழைய காபி ஃபில்டர் புகைபோக்கி. சுவர்க் கடிகாரத்தின் பல்சக்கரங்கள் இரண்டு பக்கமும் வெளியே தெரியும்படி கோத்திருந்தன. வாணியம்பாடித் தோல் மண்டியில் கழித்துப் போட்ட துண்டுகளில் இருக்கை தைத்திருந்தீர்கள். கேபினுக்குள், ஒரு ரூபாய் நாணயம் அளவில், கறுப்புத் தோல் சுற்றிய ஸ்டியரிங்.

"இன்னா மச்சான், எப்படி கீது?" என்று அத்தனை பேரில் என்னைத்தான் முதலில் கேட்டீர்கள்.

நான் சிரித்தேன். "ரயிலுக்கு எதுக்கு மாமா ஸ்டியரிங்? தண்டவாளம் போற பக்கம் வண்டி போவும். பல்சக்கரத்த ஒட்டிட்டா இன்ஜின் ஆயிடுமா? ரயிலப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மறுபடி அதைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப் போனவர், ஆறு வருஷம் என் கண்ணில் காட்டவில்லை. நான் வரும்போதெல்லாம் அந்தப் பின்னறை பூட்டிக் கிடக்கும். உள்ளே என்ன என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை மாமா?

போன மாதம்தான் அக்கா அந்தப் பூட்டைத் திறந்தாள்.

சாமை மூட்டை அடுக்கக் கட்டிய அறை என்று நினைத்திருந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினேன். அறை முழுக்க மலை. தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்குக் கம்பி வலை கட்டி, காகிதக் கூழ் பூசி, மேலே நம்ம ஊர்ச் செம்மண்ணையே தூவியிருக்கிறீர்கள். அலுமினியப் பட்டையைக் கையால் வளைத்துத் தண்டவாளம் போட்டு, ஏழு கொண்டை ஊசி வளைவு ஏற்றியிருக்கிறீர்கள். பள்ளத்தின் குறுக்கே குடைக்கம்பியில் ஒரு பாலம். கூரையிலிருந்து ஆட்டுத்தோலில் தைத்த ஓர் ஆகாயக் கப்பல் தொங்குகிறது, அதன் அடியில் ஏணி வைத்த பித்தளைக் கூடை. மலை உச்சியில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, நிஜக் காவலூரில் இருப்பது போலவே ஒரு வானாய்வுக்கூடம். அதன் பிளவு வழியாக விரல் நீளத் தொலைநோக்கி எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் மஞ்சள் பலகை: காவலூர் ஜங்ஷன்.

ஒரே லைன் இருக்கிற ஸ்டேஷன் எப்படி மாமா ஜங்ஷன் ஆகும்? இன்னொரு லைன் எங்கேயிருந்து வரும் என்று நினைத்தீர்கள்?

"ஸ்டீம்பங்க்கோ இன்னாமோ பேர் சொல்லுவாருடா. எனக்கு அந்தப் பேரு வாயில நுழையல. ஆனா அந்த ரூமுக்குள்ள பூந்தாருன்னா சோறு தண்ணி மறந்துடுவாரு" என்றாள் அக்கா. கரண்ட்டும் பெட்ரோலும் உலகத்தைப் பிடிக்காமல், நீராவியும் பித்தளையுமே இன்றுவரைக்கும் தொடர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து சாமான் செய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்களாம். அவர்களில் ஏழெட்டுப் பேர் உங்களுக்குப் போனில் கூட்டாளிகள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஞாயித்துக்கெழம அவங்க வராங்க. நீ வண்டிய ஓட்டிக் காட்டு. ஓடுச்சின்னா இங்கயே இருக்கட்டும். ஓடலன்னா அவங்களே பிரிச்சி எடுத்துகினு போவட்டும். ஓடாத வண்டிய பாத்துகினு என்னால இந்த வூட்ல ஒக்கார முடியாதுடா" என்றாள். சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாலு நாள் லீவு போட்டேன். முப்பது வருஷம் நிஜ வண்டி ஓட்டியவனுக்கு ஒரு முழ இன்ஜின் பெரிய காரியமா என்று நினைப்பு. பாய்லருக்குள் ஒளித்து வைத்திருந்த பேட்டரியை மாற்றினேன். தண்டவாளம் துடைத்தேன். பல்சக்கரத்துக்கெல்லாம் ஊசிமுனையில் எண்ணெய் விட்டேன். வண்டியில் ஆடுகிற சாமானைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்காது, உடனே இறுக்கிவிடும். அந்த ஸ்டியரிங் லேசாக ஆடியது. சும்மா ஒட்டின பொம்மைச் சாமான், ஆட்டம் வேறா என்று அதன் திருகாணியை அசையாதபடி முடுக்கினேன்.

சுவிட்சைப் போட்டதும் வண்டி கிளம்பியது. நேர்ப்பாதையில் அழகாக வந்தது. முதல் வளைவில் சக்கரம் இறங்கிக் கவிழ்ந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி அதே இடம். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பட்டையைத் தட்டி நிமிர்த்திப் பார்த்தேன். வியாழன் போய் வெள்ளியும் போயிற்று. கடைசியில் சுவரில் மாலையோடு இருந்த உங்களைப் பார்த்து, "பஸ் வளைவுக் கணக்க ரயிலுக்குப் போட்டா எப்படி மாமா?" என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் நான் விடவில்லை.

சனிக்கிழமை காலையில் அக்கா டீயோடு வந்தாள். கவிழ்ந்து கிடந்த இன்ஜினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டுவிரலால் ஸ்டியரிங்கைத் தொட்டவள் முகம் மாறிவிட்டது.

"இன்னாடா பண்ண இத்த? கெட்டியா கீது?"

"ஆடிகினு இருந்துச்சி. முடுக்கினேன்."

"ஆடணும்டா அது! ஸ்டேரிங்குல துளி ஆட்டம் இருந்தாதான் வண்டி ரோட்டோட பேசும்னு சொல்லுவாரு. அவரு ஓட்டின பஸ்ஸுல எவனாவது மெக்கானிக் இத்த இறுக்கிட்டான்னா சண்டைக்குப் பூடுவாரு."

பஸ் டிரைவர் பெண்சாதிக்குத் தெரிந்தது ரயில் டிரைவருக்குத் தெரியவில்லை. இன்ஜினை வாங்கி அடிப்பக்கத்தைப் புரட்டினேன். மூன்று நாளில் அப்போதுதான் முதல் தடவையாகப் புரட்டுகிறேன். முன்சக்கரங்கள் பூட்டிய சட்டத்திலிருந்து சைக்கிள் பிரேக் கம்பியின் ஒற்றை இழை ஒன்று மேலே கேபினுக்கு ஓடியது, நேராக ஸ்டியரிங்குக்கு. வளைவில் முன்சக்கரம் திரும்பினால் ஸ்டியரிங்கும் கூடவே திரும்ப வேண்டும். நான் ஸ்டியரிங்கைக் கட்டிப் போட்டதில் சக்கரமும் திரும்ப முடியாமல் தடம் இறங்கியிருக்கிறது. சும்மா ஒட்டியது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் தீர்ப்புச் சொன்னேன் இல்லையா, அந்தத் தீர்ப்புதான் ஒவ்வொரு தடவையும் உங்கள் வண்டியைக் கவிழ்த்தது.

அக்கா டீயைக் குடித்தபடியே, ஏதோ பால்காரன் வரவில்லை என்பது போலச் சொன்னாள். "அவரும் ரயில் டிரைவர் வேலைக்குப் பரீட்ச எழுதினாருடா, எங்க கண்ணாலத்துக்கு முன்ன. பரீட்ச பாஸ். கண்ணு பாக்கற எடத்துல, பஸ்ஸுக்குப் போதும், ரயிலுக்குப் பவர் பத்தலன்னு அனுப்பிட்டாங்க. ஒனக்கு வேல கெடச்சப்ப சொல்லலாம்னு வாய எடுத்தேன். 'உடு சாந்தா, அவன் சந்தோசமா போறான், இத்த போயி சொல்லிகினு'ன்னுட்டாரு."

மாமா, ரயிலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று உங்களையா கேட்டேன்? நான் கேட்டபோது இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தலை அங்கேயே தொங்கியிருக்கும். ஏன் சொல்லவில்லை? மச்சானை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க உங்களுக்கு மனசு வரவில்லை. எனக்கு வந்தது.

திருகாணியைத் தளர்த்தி, பழைய ஆட்டம் வந்ததும் தண்டவாளத்தில் வைத்தேன். சுவிட்சை அக்காதான் போட்டாள்.

அந்தக் காட்சியை எப்படி எழுதுவேன்? முதல் வளைவில் முன்சக்கரம் நுழைந்தது. ஆளில்லாத கேபினுக்குள் அந்தச் சின்ன ஸ்டியரிங் தானாக இடது பக்கம் சுழன்றது. வளைவு முடிந்ததும் சட்டென்று நிமிரவில்லை. மெதுவாக, வழுக்கி வழுக்கி, நடுவுக்கு வந்து நின்றது. அடுத்த வளைவில் வலது, மறுபடி அதே நிதானம். நான் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அவரு கைடா" என்றாள் அக்கா. "வளைவு தாண்டினா ஸ்டேரிங்க இஸ்து திருப்ப மாட்டாரு. உள்ளங்கையில நழுவ உடுவாரு. நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஒக்காந்து எத்தினி வாட்டி பாத்துருக்கேன்." இப்போது அழுதாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு ஸ்டியரிங்கின் அடியைத் திறந்து பார்த்தேன். கைக்கடிகாரச் சுருள்வில் ஒன்று, அதற்கு மேல் பொட்டு அளவுக்கு ஒரு தோல் வாஷர். வில் நடுவுக்கு இழுக்கும், தோல் சட்டென்று விடாது. உங்கள் கை நழுவ விடுகிற அந்த நிதானம் வருவதற்கு அந்தத் தோலை எத்தனை தடவை தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருப்பீர்கள்? டப்பாவில் தேய்த்துக் கழித்த வாஷர்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. நிஜ ரயிலில் நான் ஒரு வளைவையும் திருப்பியதில்லை மாமா. பாதை திருப்பும், நான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் ரயில் கேட்டீர்கள், கிடைக்கவில்லை. நீங்களாக ஒன்று செய்தபோது அதில் உங்கள் கைக்கும் வேலை வைத்துக்கொண்டீர்கள்.

ஞாயிறு காலை உங்கள் கூட்டாளிகள் ஒரு வேனில் வந்தார்கள். வேலூரில் பல் டாக்டர் ஓர் அம்மா, நெற்றிமேல் பித்தளை வளையம் போட்ட கண்ணாடியோடு. சென்னையில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். பெங்களூர்க்காரர்கள் நாலு பேர். உங்களுக்குத் தோலும் பித்தளையும் பொறுக்கிக் கொடுத்த வாணியம்பாடி பாயும் வந்திருந்தார். வண்டி கிளம்பியதும் வயசு வித்தியாசம் இல்லாமல் அத்தனை பேரும் தரையில் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்து, தண்டவாள மட்டத்திலிருந்து பார்த்தார்கள். அந்த உயரத்தில் பார்த்தால் அது பொம்மையாகத் தெரியாது என்று எனக்கும் சொன்னார்கள். நானும் படுத்தேன். பித்தளை பாய்லர் ஜன்னல் வெயிலில் மின்ன, பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஜவ்வாது மலையில் ஒரு ரயில் ஏறி வந்தது.

ஸ்டியரிங் எதற்கு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"நெஜ ரயில சின்னதா செஞ்சா, ஆணி ஒண்ணு கொறையுதுன்னு யாராவது தப்பு கண்டுபிடிச்சிடுவாங்க சார்" என்றார் டாக்டரம்மா. "இல்லாத ரயில செஞ்சா அப்படி யாரும் சொல்ல முடியாது. அதான் எங்களுக்கு இது மேல இவ்ளோ பைத்தியம். ஆனா நாங்கெல்லாம் பாதி சாமான அழகுக்குத்தான் ஒட்டுவோம். இந்த வண்டியில சும்மா இருக்கற சாமான் ஒண்ணுகூட இல்லீங்க." பாய் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வெறும் கழிவுத்தோலு தானே குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் புது இன்ஜினில் எல்லாம் பெட்டிக்குள் மூடிக் கிடக்கிறது, திரையில் எழுத்து வருகிறது. எந்தச் சக்தி எந்தச் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று கண்ணால் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! அவர்கள் ஏன் விழுந்து கிடக்கிறார்கள் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

மேனேஜர் தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டார், சென்னைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஹாலில் வைக்கலாமா என்று. அக்கா யோசிக்கவே இல்லை.

"ஓடுச்சி இல்ல? இங்கதான் இருக்கும். நீங்க எப்ப வேணா வந்து பாருங்க, சோறு ஆக்கிப் போடறேன்."

"மெயின்டனன்ஸ்?" என்றார் அவர். "டிரைவர் வேணுமே அம்மா."

"டிரைவரு அவருதான்" என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். "கூட ஒதவிக்கு ஒரு ஆளு வேணும்னா, இவன் இருப்பான்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருஷ சர்வீஸ்காரன், அவர்கள் முன்னால் எழுந்து நின்று, "இருக்கேங்க" என்றேன். அங்கேயே அவர்களுக்கு நான் முன்பு பேசிய பேச்சையும் சொன்னேன். அன்றைக்குச் சிரித்த சொந்தக்காரர்கள் அங்கே இல்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு மாதமும் எனக்கு ரெஸ்ட் கிடைக்கிற நாளில் முதல் பஸ்ஸில் மலையேறி வருவேன் மாமா. எண்ணெய் விடுவேன், தண்டவாளம் துடைப்பேன், சுவிட்சைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பேன். வளைவுகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
உங்கள் வண்டியின் அசிஸ்டென்ட் டிரைவர்.