ஏழுமலைக்கு ஆடிய கால்

மார்கழி, திங்கள்

மெட்ரோவுக்காக லஸ் பக்கமெல்லாம் தோண்டிப் போட்டு, பஸ்கள் சந்து சந்தாகச் சுற்றிப் போகிற வருஷம். கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டு மார்கழியில் வந்து கொட்டிய வருஷம். இனிமேல் ஏழுமலை செத்த வருஷம் என்றால் போதும்.

காலையில் பனி. இருமல். வலது கணுக்கால் சுரைக்காய் மாதிரி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் செல்வி போனில் ஒரு பட்டனைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அமுக்கிப் பேசினால் எழுத்தாகிவிடுமாம். என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கப் போவதில்லை. அதுவும் நல்லதுதான்.

கால் மடங்கியது வெள்ளிக்கிழமை, மந்தவெளியில், ஏழுமலை பாடைக்கு முன்னால் ஆடும்போது. மேளம், பாபு செட்டு. மெட்ரோ பள்ளத்தோரம் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். நறுக்கென்றது. நிற்கவில்லை. சுடுகாடு வரைக்கும் ஆடினேன். எனக்கு வயசு என்ன, ஆட்டம் என்ன. ஆனாலும் பேசி வைத்த பேச்சு.

மூன்று பேர் நாங்கள். காதர் பாய், ஏழுமலை, இந்தக் கோவிந்தன். தி.நகரில் துணிக்கடை மூட்டை ஏற்றி மீன்பாடி வண்டி மிதித்தவர்கள். யார் முதலில் போனாலும் மிச்சம் இருப்பவர்கள் ஆட வேண்டும். அழக்கூடாது.

பாய் சிரிப்பார். "எங்க ஆளுங்கள்ல ஆட்டம் கெடையாதுடா. நீங்க தோள் குடுங்க, போதும்."

கொரோனாவில் பாய் போனார். தோள் கொடுக்கவும் விடவில்லை. ஒரு வண்டி வந்தது, தூக்கிக்கொண்டு போயிற்று. நானும் ஏழுமலையும் தெருமுனையில் நின்று பார்த்தோம்.

செவ்வாய்

வெயில். நாட்டுக்கட்டு போட்டாயிற்று. முட்டை வெள்ளைக்கரு நாற்றம். பூனை பின்னாலேயே வருகிறது.

செல்வியிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் போகிறேன் என்று.

"இன்னா நைனா, பைத்தியமா? நிக்கவே முடியல, இருபத்தோரு கிலோமீட்டர் போறியா?"

"நடப்பேன்."

"எதுக்கு? போனவரு திரும்பியா வரப்போறாரு?"

ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ரசம் உப்பு.

எதுக்கு என்று அவளுக்கும் தெரியும். புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக வருஷா வருஷம் நடக்கிற ஓட்டம். ஏழுமலையின் பேத்தி யாழினி அடையாறு ஆஸ்பத்திரியில்தான் போனாள், ஏழு வயசில். அதற்கப்புறம் பாயையும் என்னையும் ஓட இழுத்தவன் அவன். முடித்ததற்குக் கொடுக்கிற மெடலைக் கொண்டுபோய் அவள் படத்து ஆணியில் மாட்டுவான். பழையது எடுத்து டப்பாவில், புதுசு ஆணியில். ஒரு பொங்கலுக்குக்கூட அந்த ஆணி வெறுமையாக இருந்ததில்லை.

இந்த வருஷத்துக்கும் போன மாசமே எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்து வைத்திருந்தான்.

வெள்ளி

மங்கம்மாவைப் பார்த்தேன். ஏழுமலை பெண்டாட்டி. மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை செருப்பு இன்னும் வாசலில்.

"மெடலு வருமா ண்ணா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

வரும் என்றேன்.

ஞாயிறு

விடியும் முன் கிளம்பினேன். செல்வி எழுந்து காலுக்குத் துணி சுற்றிவிட்டாள். இறுக்கிச் சுற்றினாள், கோபம்.

கடற்கரையில் கூட்டம். ஓடினேன் என்று சொன்னால் பொய். முதலில் ஓட்டம் மாதிரி ஒன்று, அப்புறம் நடை, அப்புறம் இழுவை. வாழைப்பழம் ஒன்று. சக்கரை போட்ட தண்ணீர். அடையாறு பாலத்தில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பாலம் இறங்கினால் மேளம். ஓடுகிறவர்களுக்கு உற்சாகம் கொடுக்க வைத்திருக்கிறார்கள். பாபு செட்டேதான். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் டி-ஷர்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஏழுமலை சாவுக்கு மந்தவெளியில் அடித்த அதே அடி. வைத்தவர்களுக்கு அது என்ன அடி என்று தெரிந்திருக்காது.

கால் நின்றது. அப்புறம் தானாக ஆடியது. வீங்கின கால்தான் முதலில் எடுத்தது.

"தாத்தா சூப்பர்! ஒன்ஸ் மோர்!" பிள்ளைகள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பாடைக்கு முன்னால் வராத அழுகை அங்கே வந்தது. பேச்சு தவறிவிட்டேன், ஏழுமலை.

பாபு குச்சியை நிறுத்தினான். அருகில் வந்து பார்த்தான்.

"பெருசு... நீயா? காலு இன்னா இப்டி கீது?"

"அடிடா."

"ஒனக்கு இந்த அடி இப்ப கெடையாது. அதுக்கு நாள் கீது. ஓடு நைனா."

திரும்பி செட்டைப் பார்த்துக் கத்தினான், "டேய், அம்மன் கரகத்துக்கு அடிங்கடா!" அடி மாறியது. திருப்பம் வரைக்கும் அடித்துக்கொண்டே கூட வந்தான்.

சுடுகாட்டிலிருந்து வருகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் பார்க்கவில்லை.

முடிக்கிற இடத்துக்கு வந்தபோது காற்றடைத்த வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை வண்டியில் ஏற்றியாயிற்று. ஒரு பெண் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு மெடலை எடுத்துக் கழுத்தில் போட்டாள். "உங்க கூட வேற யாராவது வராங்களா தாத்தா?" இல்லை என்றேன்.

ஆட்டோவில் மந்தவெளி. இப்போது அந்தச் சுவரில் இரண்டு படம். மெடல் ஒன்று.

மங்கம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். "எதுல மாட்டுவ ண்ணா?"

பழையதைக் கழற்றிவிட்டு யாழினி ஆணியில் மாட்டினேன். அவன் இருந்தாலும் அங்கேதான் மாட்டுவான்.

மங்கம்மா என் காலைப் பார்த்தாள். கறுத்துப் போயிருந்தது. வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவருக்கு நீ ஆடின," என்றாள். "ஒனக்கு யார்ண்ணா ஆடுவா?"

காதர் பாய்க்கு இரண்டு பேர் நின்றோம். ஏழுமலைக்கு ஒருத்தன் ஆடினேன். மிச்சம், கோவிந்தன்.