இரண்டு உடலில் வளர்ந்த ஈரல்

கெகென்
6 மார்ச் 2016

சம்பந்தி செரிக்பை அவர்களுக்கு எசெங்கெல்டி எழுதுவது. நலம் விசாரிக்கும் அளவுக்கு என் கோபம் ஆறவில்லை. போனில் பேசினால் குரல் உயரும், ஆகவே கடிதம்.

உங்கள் ஈரல் கெட்டுவிட்டதாம். உங்கள் மகள் மெருயெர்த்தின் ரத்தப் பிரிவு சேரவில்லையாம். என் மகன் தௌலெத் தன் ஈரலில் பாதிக்கு மேல் மாமனாருக்கு வெட்டித் தருகிறானாம். தகப்பனுக்கு நேற்றுத்தான் சேதி வந்தது.

நான்கு வருடம் முன்பு, அவர்கள் கல்யாணத்தன்று ஆட்டு ஈரலையும் வால்கொழுப்பையும் என் கையால் உங்களுக்கு ஊட்ட வந்தேன். சம்பந்திகள் அதை உண்டால்தான் உறவு உறுதி. ஊரே பார்க்க முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஆட்டின் ஈரல் ஆகாது, என் மகனுடையது மட்டும் ஆகுமா?

எசெங்கெல்டி

அல்மாட்டி
11 மார்ச்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அன்றே எனக்கு ஈரல் நோய். கொழுப்பைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். நோயாளி வீட்டுப் பெண் என்று மெருயெர்த்தைச் சொல்லிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

தௌலெத்தின் ஈரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் இளம்பிள்ளை. "மாமா, நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் இந்த வாசல்லயே படுத்துக்கறேன்" என்று அடம்பிடிக்கிறான். நீங்கள்தான் அவனை அழைத்துக்கொள்ள வேண்டும். கோடையைத் தாண்டமாட்டேன் என்கிறார்கள். இருக்கட்டும்.

செரிக்பை

கெகென்
16 மார்ச்

சம்பந்தி,

"சாகக் கிடந்த மனுஷனையா நாலு வருஷமா திட்டினீங்க?" என்று என் மனைவி ராபிகா என்னைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கமாட்டேன். சொல்லாதது நீங்கள்.

மகனையும் அழைத்துக்கொள்ளமாட்டேன். நான் ஆடு அறுத்துக் கற்றவன். மீதியைப் புத்தகம் வாங்கிப் படித்தேன். புழு தின்ற ஈரலில் இடப்பக்கம் சுருங்கி இறுகியிருக்கும். வலப்பக்கம் அந்த வேலையையும் தானே இழுத்துப்போட்டுக்கொண்டு பெருத்திருக்கும். உங்கள் மருத்துவரம்மாவிடமும் போனில் கேட்டேன். "வெட்டின இடத்துல முளைக்காது ஐயா. மிச்சம் இருக்கறது பெருசாகும், ரெண்டு பேர்கிட்டயும். ஆனா ஆபத்தே இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார். அதைக் கேட்டபின்பும் இதை எழுதுகிறேன்.

என் கையை ஒருமுறை மறுத்தீர்கள். என் வீட்டை இரண்டாம் முறையும் மறுத்தால் உங்கள் சாவுக்கும் வரமாட்டேன்.

எசெங்கெல்டி

அல்மாட்டி
20 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

அறுவை முடிந்தபின் கண்ணின் மஞ்சள் போய்விட்டது. பசிக்கிறது. நேற்று எங்கள் இருவரின் ஈரலையும் ஸ்கேன் படம் எடுத்தார்கள். தௌலெத்திடம் மிஞ்சியது ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிட்டது. என்னிடம் வந்த துண்டு விலாவுக்குள் இடம் பார்த்து வளர்ந்து, பித்தம் சுரந்து, சொந்த வீடுபோல வேலை செய்கிறது. மருத்துவரம்மா அந்தப் படத்தை வார்டு முழுக்கக் காட்டினார். "என்னோடதவிட உங்களோடது வேகமா வளருது மாமா, பேராசைதான்" என்கிறான் உங்கள் மகன்.

எந்த வார்த்தையில் நன்றி சொல்வது?

செரிக்பை

கெகென்
27 ஜூன்

செரிக்பை,

உன் கடிதத்தை ராபிகா மேய்ச்சல் நிலத்தில் கூடாரம் கூடாரமாகப் போய் வாசித்தாள். எல்லாரும் புளித்த குதிரைப்பால் ஊற்றிக் குடித்தோம். காய்ச்சாத பால் உனக்கு ஆகாதாம். உன் பங்கையும் நானே குடித்துவிட்டேன்.

நன்றி எல்லாம் வேண்டாம். உனக்குள் உழைப்பது என் பிள்ளையின் சதை. அது உழைக்கும்வரை உன்னைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. மருந்தை வேளை தவறாமல் விழுங்கு. தினமும் நட. எதிர்த்துப் பேசாதே.

இப்படிக்கு,
உன் தகப்பன்
எசெங்கெல்டி