செவ்வாய்க்கிழமை கைமாறாத ஆட்டோ

ஐப்பசி, செவ்வாய் இரவு.

நேற்றைய செய்தியில் தவறு செய்துவிட்டேன். சேலம் நகர டீசல் ஆட்டோக்கள் ஆறு மாதத்தில் எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டதாக எழுதினேன். போதிய எரிவாயு பங்க்குகள் திறந்ததை நீதிமன்றமே உறுதி செய்த பிறகுதான் அந்த ஆறு மாதம் தொடங்கும். அந்த வரியை விட்டுவிட்டேன்.

இன்று மாலை கொண்டலாம்பட்டி ஆட்டோக்காரர் மாரியப்பன் செய்தித்தாளோடு அலுவலகத்துக்கு வந்தார். என் செய்தியைப் படித்துப் பயந்து, வண்டியை விற்கப் பேசி முடித்துவிட்டாராம்.

"புரோக்கரு இன்னைக்கே சாவியக் கேட்டாருங்க. செவ்வாக்கெழம வண்டி கைமாறக் கூடாதுன்னு ஊட்டுல ஒரே புடியா நின்னுட்டாங்க. சரி, கெடச்ச ஒரு நாள்ல எழுதுனவரையே கேட்டுப்போடலாம்னு வந்தனுங்க."

உத்தரவு நகலை எடுத்து அவரோடு உட்கார்ந்து படித்தேன். விட்டுப்போன வரியைக் காட்டி, தவறு என்னுடையது என்றேன்.

"ஏனுங்க, ஒத்த வரியில எம்பட வண்டியவே வித்துப்போட்டீங்களே" என்று சிரித்தார். அங்கிருந்தே புரோக்கருக்குப் போன் போட்டு, வண்டியைக் கொடுக்கவில்லை என்று சொன்னார்.

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் திருத்தத்தை எழுதிக் கொடுத்தேன். நாளை முதல் பக்கத்தில் வரும். இவர் வந்து கேட்டார். கேட்காமலே யாராவது இதற்குள்... தெரியவில்லை. நான் பார்த்திராத அவர் மனைவியின் பிடிவாதத்துக்கு நன்றி.

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாரீங்களா, உட்டுட்டுப் போறேன்" என்றார். ஏறிக்கொண்டேன்.