செவ்வாயில் இன்னும் வருஷம் ஆகவில்லை

என்னங்க,

வீடு முழுக்க முறுக்கு வாசனை. ஒரு வருஷமாக நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. நேற்று உங்கள் தலை திவசம் முடிந்தது. இன்று காலையே உங்கள் அக்கா பெருங்களத்தூரிலிருந்து மாவும் அச்சுமாக வந்து இறங்கிவிட்டார். வருஷம் முடிந்தால் சட்டி வைத்தே ஆக வேண்டுமாம், இல்லாவிட்டால் துக்கம் வீட்டிலேயே தங்கிவிடுமாம். "நேத்தோட முடிஞ்சுது. இனிமே இந்த வீட்ல யாரும் அழக்கூடாது," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

நம் கயல் முறுக்குத் தட்டைத் தள்ளிவிட்டாள். "செவ்வாய்ல இன்னும் வருஷம் ஆகல அத்தை. பாதிதான் தாண்டியிருக்கு."

"புள்ள என்னமோ கிரகம் கிரகம்னு பேசுது. நீ கேக்க மாட்டியா?" என்று உங்கள் அக்கா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, உங்கள் மேல்.

மேடவாக்கம் சிக்னலில் தண்ணி லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, முன்னால் நிற்கும் கயலுக்குச் செவ்வாய்ப் பாடம் எடுப்பீர்களே. "அங்க ஒரு வருஷம்னா நம்ம ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. அங்க பொறந்திருந்தா நீ இப்பதான் எல்கேஜி."

"அப்ப ஹோம்ஒர்க்?"

"எல்கேஜிக்கு ஏது ஹோம்ஒர்க்? வெளையாடு."

அங்கே ஒரு நாளும் நம் நாளைவிட நாற்பது நிமிஷம் நீளமாம். அதில் இன்னொரு கதை கேட்கலாம் என்று அவள் குதித்தாள். பின்னால் உட்கார்ந்து நான்தான் கத்துவேன்: "பச்சை விழுந்தாச்சு, வண்டிய எடுங்க." அந்த நாற்பது நிமிஷத்தையும் மேடவாக்கம் சிக்னலே தின்றிருக்கும். இதையெல்லாம் சொல்லிவைத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

"நாம இருக்கறது தாம்பரத்துல, செவ்வாய்ல இல்ல. சாப்பிடு," என்று அதட்டினேன். அவள் அழுதுகொண்டே அறைக்குள் ஓடினாள். பின்னாலேயே போனேன்.

"வருஷம் முடிஞ்சா அழக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. எனக்கு இன்னும் அழுகை வருதும்மா. செவ்வாய் கணக்குன்னா இன்னும் அழலாம்ல?"

பிடிவாதம் என்று நினைத்தேனே, மடச்சி.

அடுப்பை அணைத்தேன். முறுக்கையெல்லாம் டப்பாவில் போட்டு உங்கள் அக்காவிடமே கொடுத்தேன். "வீட்டுக்குக் கொண்டு போங்க அண்ணி. இவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப நானே சட்டி வைக்கறேன்," என்றேன். முகம் தொங்கிப்போய்ப் பஸ் ஏறினார். அவருக்கும் நீங்கள் தம்பிதானே, பாவமாகத்தான் இருந்தது. சாயங்காலம் போன் பண்ண வேண்டும்.

உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. இந்த ஊர்க் கணக்கில் ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஆபீஸ், ஸ்கூல் வேன், பேங்க், வாரிசுச் சான்றிதழ், தண்ணி லாரிக்காரனோடு சண்டை. கயல் அழும்போதெல்லாம் அவளைத் தேற்றினேன். நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து அழவில்லை.

மிச்சமிருக்கும் பாதி வருஷம் எனக்கும் வேண்டும்.