ஏலத்துக்கு முன் ஒரு வாய்த் தண்ணீர்

பாய்,

ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் போன வாரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் காலத்துப் புரோக்கர் ஒருவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஏலத்துக்கு வந்திருக்கிற வீடாம், சுவரைப் பார்த்துச் சொல்லுங்க தாத்தா என்றான். படத்துக்குக் கீழே என்னென்னவோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. மதில்மேல் மற்றவர்கள் கண்ணாடிச் சில்லு பதிக்கிற இடத்தில், சூளையில் உடைந்துபோன பொம்மைத் தலைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. கையில் டீ இருக்கும்போதே தொண்டை வறண்டது. நீங்கள் சொன்னபடி அந்த வீடு திரும்பி வந்துவிட்டது பாய்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள். நீங்கள் இருந்தால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. நம் காலத்தில் சர்க்கார் பாங்கு கைப்பற்றிய வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பார்வையிட ஒரு நாள் விடுவார்கள். வாங்கக்கூடிய ஆளைப் பிடித்து, அவர் பேரில் டெபாசிட் கட்டி, விலையை எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, பாங்கில் வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். பெட்டியைத் திறக்கிற அன்று யார் எழுதிய விலை மேலே நிற்கிறதோ, அவருக்கு வீடு. எழுதுவது நீங்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பது நான். கொத்து வேலையிலிருந்து உங்களிடம் வந்தவன் என்பதால் கடைசிவரைக்கும் மேஸ்திரி என்றே கூப்பிட்டீர்கள்.

நோட்டீஸில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி தவறாமல் வரும். ஓட்டை, விரிசல் எதுவானாலும் வாங்குகிறவர் பாடு என்று பாங்கு சொல்வது அது. நீங்கள் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "உள்ளபடின்னா உள்ள இருக்கறவங்க கண்ணீரும் சேத்துதான், மேஸ்திரி" என்பீர்கள்.

அதனால்தான் உங்களுக்கு அந்த வழக்கம் வந்தது. பெரும்பாலும் அந்த வீடுகளில் பழைய ஆட்கள் இன்னும் குடியிருப்பார்கள். விலை எழுதுவதற்கு முன்னால் அங்கே போய், வாசலில் நின்று, தண்ணீர் கேட்பீர்கள். கொடுத்தால் அவர்கள் மனசு வீட்டை விட்டுவிட்டது என்று உங்கள் கணக்கு. வந்து கவரை எழுதுவீர்கள். கொடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல வீடானாலும் விட்டுவிடுவோம். மற்ற புரோக்கர்கள் உங்களுக்குத் தண்ணி பாய் என்று பேர் வைத்தார்கள். பெட்டி திறக்கிற அன்று, "பாய், எந்த வூட்டுத் தண்ணி இனிப்பா இருந்துச்சு? அதை வுட்டுட்டு மத்ததுக்கு நாங்க எழுதறோம்" என்று சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். வாங்கிக் கொடுத்த வீட்டிலிருந்து ஒருவரும் வயிறெரிந்து போகவில்லை என்பதில் உங்களுக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்த வீட்டுக்கு நாம் போனது கத்திரி வெயிலில். செராமிக் பேட்டையைத் தாண்டி, வெள்ளை மண் கொட்டிக் கிடக்கும் சந்தில். பொம்மைச் சூளை வைத்திருந்த வீட்டுக்காரர் இறந்து, கடன் நின்றுபோய், பாங்கு எடுத்துக்கொண்ட வீடு. அவர் சம்சாரம், அந்தம்மா, கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, மிச்சம் கிடந்த பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். நீங்கள் படியருகில் நின்று, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா என்றீர்கள். அவர் யார் என்றுகூடக் கேட்கவில்லை. தூரிகையை வைத்துவிட்டு உள்ளே போய், நீலக் கோடு போட்ட வெள்ளைக் கோப்பையில் கொண்டு வந்தார். நீங்கள் குடித்துவிட்டு இன்னொரு தடவையும் கேட்டு வாங்கினீர்கள். எனக்கும் கொடுத்தார். சந்து முனைக்கு வந்ததும், "தாராளமா எழுதலாம், மேஸ்திரி" என்றீர்கள். பெட்டி திறந்த அன்று நாம் எழுதிய விலைதான் மேலே நின்றது. வாங்கியவர் துபாயில் இருந்தார். அவருக்காக நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள்.

சாவி வாங்குகிற நாளில் அந்தம்மா மூட்டைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். கம்மாபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போக ஆட்டோ நின்றது. பாங்கு ஆளோடு உங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நீங்கள் தடுமாறி, "அன்னைக்கு நீங்க தண்ணி குடுத்தீங்களேம்மா" என்று, நம் வழக்கத்தை அவருக்குச் சொல்லி முடித்தீர்கள்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் உங்களுக்கு நல்லதாகப் போயிருக்கும்.

"தாகம்னு வந்து நின்னீங்க. தண்ணி குடுத்தேன், பாய். வூட்டையா குடுத்தேன்?"

அந்தக் கோப்பையைக் குழாயில் கழுவி, படியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். மூட்டைகளை ஏற்றியது நான். நீங்கள் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் அடுத்தவர் வீட்டில் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. பையில் பாட்டில் வைத்துக்கொண்டீர்கள். நோன்பு திறக்க உறவுக்காரர்கள் கூப்பிட்டால்கூட உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். ஏல வீட்டுக்குப் போனால் வெளியிலேயே நின்று, "ஏலத்துக்கு எழுத வந்திருக்கோம்" என்று முதலில் சொல்வீர்கள். பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். தொழில் தேய்ந்தது. ஒருநாள் மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, "வெயில்ல நின்னாலே அந்தம்மா சொன்னது கேக்குது, மேஸ்திரி" என்றீர்கள். நான் பேச்சை மாற்றினேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் சொன்னதும் அந்த வீட்டைப் பற்றித்தான். "வூடுங்க திரும்பி வரும். அது வந்தா அந்தம்மாகிட்ட மொதல்ல சொல்லு." உங்களைப் பள்ளிவாசல் பக்கம் அடக்கம் செய்தபோது மண் தள்ளிய கையில், நீங்கள் சொன்ன அந்த வேலை ஒட்டிக்கொண்டது.

டீக்கடையிலிருந்து எழுந்து நேராகக் கம்மாபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்திருந்தாலும் அவர்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. வேர்த்து நின்ற கிழவனைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொம்போடு வந்துவிட்டார்.

"தண்ணி அப்புறம்மா. வந்த காரியத்தைச் சொல்லிடறேன்" என்றேன். சொன்னேன். துபாய்க்காரர் அடமானம் வைத்து மூழ்கிப்போனது, வீடு மறுபடி பாங்குக்கு வந்தது, நான் யார் என்பது எல்லாம். சொம்பு அவர் கையிலேயே இருந்தது.

"அந்த பாய் வரலையா?"

"தவறிட்டாரும்மா. அவரு சொல்லித்தான் வந்தேன்."

ரோட்டில் நிலக்கரிச் சுரங்கத்து மண் லாரி போன புழுதி அடங்கியதும் கேட்டார். "செவுத்து மேல பொம்மைங்க இருக்குதா?"

"இருக்குதும்மா."

"எல்லாம் நான் கண்ணு எழுதினது." பிறகு வீட்டுச் சுவரைக் காட்டினார். "இதையும் சுரங்கத்துக்குன்னு அளந்துட்டுப் போயிட்டாங்க. அளக்க வந்த புள்ளைங்க வெயில்ல வந்தாங்க. அவங்களுக்கும் தண்ணி குடுத்தேன்."

அவரே கேட்டார். அண்ணன் போய்விட்டதால் சுரங்கத்துக்காரர்கள் இந்த வீட்டுக்குக் கொடுக்கும் பணம் தன் கைக்குத்தான் வருமாம். அதை வைத்துப் பழைய வீட்டுக்கு எழுத முடியுமா, கிடைக்குமா என்றார். எழுதலாம், கிடைப்பது அடுத்தவர் எழுதுவதைப் பொறுத்தது என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"எழுதச் சொல்லுங்க" என்று சொம்பை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் இழுத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "இது வெயிலுக்கு. வேற எதுக்கும் இல்ல."

வாங்கிக் குடித்தேன். அவர் சொம்பை வாங்கிக் கழுவி, படியில் கவிழ்த்து வைத்தார்.

அந்தப் புரோக்கர் தம்பி அந்தம்மா சொன்ன விலையைப் போனில் போட்டுவிட்டான். முடிவு இன்னும் வரவில்லை. தினமும் அந்தச் சந்து வழியாக ஒரு தடவை போய்வருகிறேன். மதில் மேலிருந்து அத்தனை கண்ணும் என்னைப் பார்க்கின்றன.

இப்போதெல்லாம் சொந்தக்காரர் வீட்டு வாசலில்கூட, வந்த காரியத்தைச் சொன்ன பிறகுதான் தண்ணீருக்குக் கை நீட்டுகிறேன். குடிக்கிறேன். அப்படியும் தொண்டை நனைவதில்லை. அது உங்கள் தாகம் பாய். நீங்கள் விட்டுப்போன இடத்திலிருந்து நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.